வில்லோ ஃபோர்க்கின் கடைசி எம்.எல்.ஏ.

என் சகலை ஹால்வோர் நெஸ்டால் வில்லோ ஃபோர்க் தொகுதியில் நான்கு தடவை சுயேச்சையாக நின்று நான்கு தடவையும் மண்ணைக் கவ்வியவர். தொகுதியில் அவரைப் பிடிக்காத ஆள் ஒருவர்கூடக் கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. எதிர்த்து நின்றவர்களுக்கே அவரைப் பிடிக்கும்.

அவர் பார்த்த வேலை பனி தள்ளும் வண்டி ஓட்டுவது. கோடையில் அதே வண்டியால் சரளைச் சாலைகளைச் சமன் செய்வார். நவம்பரில் முதல் பனி விழுந்தால் ஏப்ரல் வரை நாங்கள் அவரை நம்பித்தான் பிழைப்பு நடத்தினோம். சாலையில் பனியைத் தள்ளிக்கொண்டு போகிறவன் வீட்டு வாசல்களில் வரப்பு மாதிரி ஒன்றைக் குவித்துவிட்டுப் போவான். இடுப்பளவு இருக்கும், கெட்டியாக உறைந்துவிடும், அதை வெட்டி எடுப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும். பக்கத்து வட்டாரத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான். ஹால்வோர் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, வண்டியைப் பின்னால் எடுத்து, அந்த வரப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார். யாரும் கேட்காமலே செய்வார். நன்றி சொன்னால் அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு அரசியல் ஆசை எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் கத்பர்ட் லெய்ட்லா. எங்கள் தொகுதி உண்டானது 1917இல். முதல் எம்.எல்.ஏ. குதிரையில் சுற்றி வந்து தொலைபேசிக் கம்பி இழுக்கவைத்தார். இரண்டாமவர் பதவியிலேயே செத்துப்போனார். மூன்றாவதாக வந்த லெய்ட்லா போகவே இல்லை. வக்கீல், நல்ல உயரம், நல்ல குரல், மாகாணத் தலைநகரம் ரெஜைனாவில் சொந்த வீடு. தேர்தலுக்குத் தேர்தல் வருவார், ஜெயிப்பார், போவார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் பனி உருகிச் சேறாகக் கிடந்த நேரம். வில்லோ ஓடையின் மரப்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கறுப்புக் கார் சேற்றில் இறங்கிவிட்டது. அந்தப் பாலம் ஹால்வோரின் தீராத தலைவலி. அவர் வண்டியின் முன்னால் பனியைத் தள்ளும் இரும்புத் தகட்டைவிடப் பாலத்தின் அகலம் குறைவு. ஒவ்வொரு தடவையும் இறங்கி, விறைத்த கையோடு பக்கத் தகட்டைக் கழற்றி, அக்கரை போய் மாட்ட வேண்டும். அக்கரையில் நாற்பது பண்ணைகளும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. அன்றைக்கு அவர் சங்கிலி போட்டுக் காரை இழுத்துவிட்டார். உள்ளே இருந்தவர் கண்ணாடியை இறக்கினார். லெய்ட்லாதான்.

"ரொம்ப நன்றிப்பா. இந்தப் பாலம் என்ன இப்படி இருக்கு? உங்க எம்.எல்.ஏ. கிட்டச் சொல்லி அகலமா ஒண்ணு போடச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் ஐயா," என்றார் ஹால்வோர். "இப்பத்தான். உங்ககிட்ட."

லெய்ட்லாவுக்கு விளங்கவில்லை. சிரித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹால்வோர் நேராக என் இரும்புக் கடைக்கு வந்தார்.

"எமில், தேர்தல்ல நிக்கிறதுக்கு என்ன செய்யணும்?"

"யாரு நிக்கிறா?"

"நான்தான்."

நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். ஆணியை வாடிக்கையாளர் கையில் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சகலை நின்றால் நான்தான் ஏஜென்ட். அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

பிரசாரத்துக்குச் செலவழிக்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. இருந்தது ஒரீசியாவின் கை. ஒரீசியா ஹால்வோரின் மனைவி, என் மனைவி ஸ்டெஃபாவுக்கு அக்கா. அந்தக் குடும்பத்துக்கு உக்ரைன் பூர்வீகம். அக்காளும் தங்கையும் சமூகக் கூடத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு திணித்த பெரோகிக் கொழுக்கட்டையை மலைமலையாகப் பிடித்தார்கள். ஊரே வந்து சாப்பிட்டது. சாப்பாட்டுக்கு நடுவில் ஹால்வோர் எழுந்து நின்றார்.

"என் பேரு உங்களுக்குத் தெரியும். பாலம் குறுகல்னும் தெரியும். பெரோகி ஆறிடும், சாப்பிடுங்க."

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. வயலின் வாசித்தார்கள், ஆடினார்கள். போகும்போது எல்லாரும் அவர் கையைக் குலுக்கினார்கள். ஓட்டு எண்ணியபோது, சாப்பிட்டவர்களில் பாதிப் பேர்கூட அவருக்குப் போடவில்லை என்று தெரிந்தது.

"தின்னுட்டுப் போனவங்க போட்டிருந்தாலே நீ ஜெயிச்சிருப்ப," என்றாள் ஒரீசியா.

"உப்பு கொஞ்சம் கம்மியோ என்னவோ," என்றார் ஹால்வோர்.

ஐம்பத்தாறிலும் அறுபதிலும் இதே கதைதான். கூட்டம் பெருகியது, பெரோகி பெருகியது, ஓட்டு மட்டும் பெருகவில்லை. அறுபத்துநாலில் நான்காவது தோல்வி. ஹால்வோர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரீசியாவால்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு ஜனவரி காலை, ஊர் ஆட்கள் எல்லாம் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆர்ட்டான்ஸ் நடத்தும் காபிக் கடைக்குள் நுழைந்தாள். நானும் அங்கே இருந்தேன். ஆர்ட்டான்ஸ் பிரெஞ்சுக்காரி, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க," என்றாள் ஒரீசியா. "என் வீட்டுக்காரர் மேல உங்களுக்கெல்லாம் என்ன கோபம்?"

"கோபமா?" ஆர்ட்டான்ஸ் காபிக் கெட்டிலைக் கீழே வைத்தாள். "அந்த மாதிரி மனுஷன் எங்கடி கிடைப்பான்?"

"அப்புறம் ஏன் யாரும் ஓட்டுப் போடல?"

ஒருத்தர் தன் கோப்பைக்குள் எதையோ தேடினார். இன்னொருத்தர் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். கடைசியில் ஆர்ட்டான்ஸ்தான் வாயைத் திறந்தாள்.

"சட்டசபை எப்பக் கூடுது?"

"பிப்ரவரில."

"எப்ப முடியுது?"

"ஏப்ரல்ல."

"பனி எப்பப் பெய்யுது?"

ஒரீசியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"லெய்ட்லா இங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அதான் அவரை அனுப்பிடறோம்," என்றாள் ஆர்ட்டான்ஸ். "உன் வீட்டுக்காரர அனுப்பிட்டு நாங்க என்ன செய்யறது? வாசல்ல வரப்ப வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

ஒரீசியா முதலில் கோபத்தில் சிவந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்காமலே வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஹால்வோர் அடுப்புப் பக்கத்தில் பூட்ஸுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் வேலையக் கெடுத்திருந்தா ஜெயிச்சிருப்பேன்," என்றார்.

"அப்படித்தான் தெரியுது."

அவர் பூட்ஸை எடுத்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அவர் முகம் வாடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து நல்ல பனி. காலையில் கதவைத் திறந்தால் சாலை கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு வரப்பு. என் வாசலிலும்தான், சகலை என்ற சலுகை எல்லாம் கிடையாது. ஊரே மண்வெட்டியோடு வெளியே வந்து மூச்சு வாங்கியது. நமக்கு இது வேணும்தான் என்று நானும் வெட்டினேன். பத்து மணி வாக்கில் வண்டிச் சத்தம் கேட்டது. ஹால்வோர் திரும்பி வந்து இரண்டு கிழவிகள் வாசலைச் சுத்தம் செய்தார். அப்புறம் டீச்சர் வீடு. அப்புறம் இடுப்புவலிக்காரர் வீடு. மத்தியானத்துக்குள் எல்லா வாசலும் சுத்தம்.

"கோபத்த ஒரு வேளைகூட வச்சுக்கத் தெரியலயே உங்களுக்கு," என்று காபி ஊற்றிக் கொடுத்தாள் ஆர்ட்டான்ஸ்.

"வண்டில ஏறினா கை தானா திருப்புது," என்றார் அவர்.

அறுபத்தேழில் அவர் நிற்கவில்லை. போதும் என்றுவிட்டார். லெய்ட்லா எப்போதும்போல ஜெயித்தார்.

அதற்குள் எங்கள் தொகுதி இளைத்துப்போயிருந்தது. பையன்களும் பெண்களும் சாஸ்கட்டூன் நகரத்துக்கும் ஆல்பர்ட்டா எண்ணெய்க் கிணறுகளுக்கும் கிளம்பிவிட்டார்கள். தானியக் கிடங்குகள் ஒவ்வொன்றாக மூடின. எழுபதாம் வருஷம் எல்லை திருத்தும் குழு சமூகக் கூடத்துக்கு வந்து வரைபடத்தை விரித்தது. ஆள் போதவில்லையாம். வில்லோ ஃபோர்க்கை மூன்றாக வெட்டி மூன்று பக்கத்துத் தொகுதிகளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். கோடு எங்கள் கடைவீதியின் நடுவே ஓடியது. என் கடை ஒரு தொகுதி, எதிரே ஆர்ட்டான்ஸின் கடை வேறொரு தொகுதி.

"இனிமே காபி குடிக்க வெளித்தொகுதிக்குப் போகணுமா நான்?" என்று குழுத் தலைவரிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷர், சிரித்தார். ஆனால் கோட்டை மாற்றவில்லை. அடுத்த பொதுத் தேர்தலோடு எங்கள் தொகுதி இல்லை என்று முடிவாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் லெய்ட்லா ராஜினாமா செய்தார். மூட்டுவலிக்கு இந்தக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னாரோ என்னவோ, மகளோடு இருக்கக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நவம்பரில் இடைத்தேர்தல் என்று வானொலியில் சொன்னார்கள். இடைத்தேர்தலில் ஜெயிக்கிறவருக்கு ஒரே ஒரு கூட்டத்தொடர். அடுத்த கோடையில் பொதுத் தேர்தல், அதோடு தொகுதியும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை.

கடையில் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். ஆர்ட்டான்ஸ் மேஜை துடைப்பதை நிறுத்தினாள்.

"ஒரே ஒரு பனிக்காலம்," என்றாள்.

எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

"ஒரு பனிக்காலம்னா சமாளிச்சிடலாம்," என்றார் இடுப்புவலிக்காரர். "தொகுதியே இல்லாமப் போறதால, அவர் அங்கேயே தங்கவும் முடியாது."

"வண்டி யாரு ஓட்டுவா?"

"நான்," என்று பின்னால் இருந்து ஒரு குரல். ஒரீசியா முட்டைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அறுவடைக் காலத்தில் கோதுமை லாரி ஓட்டிப் பழகியவள் அவள். பனிக்கால மாலைகளில் கணவரோடு வண்டியில் உட்கார்ந்து போவதும் உண்டு. வட்டாரக் கவுன்சில்காரர் ஒருத்தர், பொம்பளையால முடியுமா என்று இழுத்தார். "உங்க வாசல் வரப்ப மட்டும் விட்டுடறேன்," என்றாள் ஒரீசியா. அவர் அத்தோடு அடங்கிவிட்டார்.

ஹால்வோரைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நானும் ஆர்ட்டான்ஸும் போய் வண்டிக் கொட்டகையில் அவரைப் பிடித்தோம்.

"பரிதாபப்பட்டுப் போடற ஓட்டு எனக்கு வேணாம்," என்றார்.

"பரிதாபம் இல்ல," என்றாள் ஆர்ட்டான்ஸ். "இத்தன வருஷமா உங்களுக்குன்னே எடுத்து வச்சிருந்த ஓட்டு. இப்பப் போடலன்னா அப்புறம் போட இடமே இருக்காது."

அவர் துணியில் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "மனு எங்க குடுக்கணும்?" என்றார்.

அந்த வருஷம் பனி சீக்கிரமே வந்துவிட்டது. எதிர்த்து நின்ற இரண்டு கட்சிக்காரர்களும் தலைநகரத்திலிருந்து பேச்சாளர்களைக் கூட்டி வந்தார்கள். சாலை மூடிக் கிடந்ததால் ஹால்வோரே முன்னால் பனியைத் தள்ளிக்கொண்டு போய் அவர்களைக் கூட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர்கள் தன்னைத் திட்டுவதைக் கேட்டார், முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டார். ஒரு பேச்சாளர் வெட்கப்பட்டுப்போய், "மன்னிச்சுக்கோங்க, உங்களப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாராம். "சாலை வளைவு வருது, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க," என்றாராம் இவர்.

ஓட்டு எண்ணும்போது நான் பெட்டி பக்கத்திலேயே இருந்தேன். சீட்டைப் பிரிக்கப் பிரிக்க நெஸ்டால், நெஸ்டால், நெஸ்டால். எண்ணுகிற அம்மாவுக்கே அலுத்துப்போனது. அந்தத் தொகுதியின் சரித்திரத்தில் அப்படி யாரும் ஜெயித்ததில்லை. நான் வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "எல்லாரும் சேர்ந்து என்னை ஊர விட்டுத் துரத்தறீங்க," என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். குளிர் என்றார். அவ்வளவு குளிர் அன்றைக்கு இல்லை.

பிப்ரவரியில் புதுச் சூட் போட்டுக்கொண்டு ரெஜைனா போனார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரீசியாவுக்குப் போன் செய்வார்.

"பனி எவ்வளவு?"

"முழங்கால் வரைக்கும். நீ என்ன பேசின?"

"இன்னும் பேசல. தகட்ட ரொம்பத் தாழ்த்தாத, சரளைய வாரிடும்."

"நீ சட்டசபையப் பாரு. பனிய நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்ட லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஹால்வோர் ஆறு மணிக்குக் கிளம்புவார் என்றால் அவள் ஐந்துக்கே கிளம்பினாள். வரப்பைத் தள்ளியதோடு, வண்டியை விட்டு இறங்கிக் கிழவிகள் வீட்டுப் படிக்கட்டுக்குத் துடைப்பமும் போட்டாள். பாலத்தில் மட்டும் அவரைப் போலவே நின்று தகட்டைக் கழற்றினாள். கழற்றும்போது உக்ரைன் மொழியில் அவள் திட்டியது அக்கரைப் பள்ளிக்கூடத்தில் கேட்டதாம். டீச்சர் ஜன்னலைச் சாத்தினாராம்.

மார்ச்சில் ஹால்வோரின் முறை வந்தது. சட்டசபையில் யாரையும் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். சபாநாயகர், "வில்லோ ஃபோர்க் உறுப்பினர்," என்றார். இவர் எழுந்து, பாலத்தைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இடைவெளி விடுகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். முடிந்துவிட்டது என்று புரிந்ததும் மேஜைகளைத் தட்டினார்கள்.

நெடுஞ்சாலை அமைச்சர் பதில் சொல்ல எழுந்தார். "உறுப்பினர் சொல்வது நியாயம்தான். ஆனால் இன்னும் சில மாதத்தில் வில்லோ ஃபோர்க் என்று ஒரு தொகுதியே இருக்காது. இல்லாத தொகுதிக்குப் பாலம் எதற்கு?"

ஹால்வோர் மறுபடியும் எழுந்தார்.

"தொகுதிதான் போகுது ஐயா. ஓடை அங்கயேதான் இருக்கும்."

சபை மொத்தமும் சிரித்தது. அமைச்சரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டதால் அவரால் மறுக்க முடியவில்லை. அது மறுநாள் பத்திரிகையில் வந்தது. இரண்டு வாரத்தில் அளவெடுக்க ஆட்கள் வந்து ஓடைக்கரையில் குச்சி நட்டார்கள்.

கடைசி நாள் கூட்டத்துக்கு ஒரீசியா போனாள். பனி விட்டிருந்தது, வண்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டு என் காரில் வந்தாள். ஸ்டெஃபாவும் நானும் கூட. மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தோம். சபாநாயகர், "வில்லோ ஃபோர்க் உறுப்பினர்," என்று ஒரு தடவை கூப்பிட்டார். ஹால்வோர் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொன்னார்.

"இவரையா சொல்றாங்க?" என்று ஒரீசியா என் காதில் கேட்டாள்.

"ஆமா."

"நம்ம ஊர் பேரு முழுசும் இவர் ஒருத்தர் தலைமேலயா?"

அவள் கைக்குட்டையைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஸ்டெஃபா தன்னுடையதைக் கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பியபோது ஒரு சிக்கல் காத்திருந்தது. அடுத்த பனிக்காலத்துக்கு யார் வண்டி ஓட்டுவது என்று கவுன்சில் கூடியது. ஹால்வோருக்கு இது என்ன கேள்வி என்றே புரியவில்லை. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் அந்தப் பழைய கவுன்சில்காரரே எழுந்தார்.

"ஹால்வோர், தப்பா நினைக்காத. உன் வேலைல குறை சொல்ல முடியாது. ஆனா உன் வீட்டம்மா படிக்கட்டு வரைக்கும் கூட்டறாங்களே."

ஹால்வோர் ஒரீசியாவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். அவர் சிரிக்க ஆரம்பித்தார், நாங்களும் ஆரம்பித்தோம். அன்றைக்குச் சமூகக் கூடத்தில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. கடைசியில் இருவருக்குமாக வேலையைப் பிரித்தார்கள். காலை அவளுக்கு, மாலை அவருக்கு.

ஜூனில் பொதுத் தேர்தல் வந்தது, வில்லோ ஃபோர்க் போனது. தெருவின் இந்தப் பக்கம் ஒரு கட்சி ஜெயித்தது, அந்தப் பக்கம் இன்னொன்று. மறுவருஷம் பாலம் திறந்தார்கள். புதுத் தொகுதியின் எம்.எல்.ஏ. இளைஞர், நாகரிகமானவர். ரிப்பனை ஹால்வோரே வெட்ட வேண்டும் என்று கத்தரிக்கோலை நீட்டினார். ஹால்வோர் ஒரு கையில் காபியும் ஒரு கையில் ஆப்பிள் கேக்கும் வைத்திருந்தார்.

"நீங்களே வெட்டுங்க தம்பி. எனக்குக் கை காலியா இல்ல."

அதற்குப் பிறகு புதுத் தொகுதியில் நிற்கச் சொல்லி இரண்டு தடவை ஆள் வந்தது. இனிமேல் பனியை ஒரீசியா பார்த்துக்கொள்வாள், நீங்கள் தாராளமாகப் போகலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். "அந்தத் தொகுதி ரொம்பப் பெருசு," என்றார். "அத்தன பேருக்கும் பெரோகி பிடிக்க இவளால ஆகாது."

எண்பது தாண்டியும் திடமாகத்தான் இருந்தார். காலை நேரங்களில், வேலை இல்லாவிட்டாலும், ஒரீசியாவோடு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஒரு தடவை நானும் நடுவில் நெருக்கிக்கொண்டு போனேன். அவர் வழி நெடுக, இங்கே தகட்டைத் தூக்கு, அங்கே தாழ்த்து என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், சபாநாயகர் மாதிரி, "உறுப்பினர் உக்காரலாம்," என்றாள். அவரும் மறுபேச்சில்லாமல் சாய்ந்து உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து மூன்று பேருக்கும் காபி ஊற்றினார்.